எனக்கு மூன்று துண்டு, அக்காவுக்கு வெறும் கீறல்: எலும்பு அடர்த்திக் கணக்கு எங்கே இடிக்கிறது?

ஜன்னலோரம்:

வணக்கம். ஒரு கையால்தான் தட்டச்சு செய்கிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு 57 வயது. மூன்று வாரத்துக்கு முன்பு ஒன்றரை அடி ஸ்டூல் மேல் ஏறி ஜன்னல் திரையைக் கழற்றிக்கொண்டிருந்தேன். கடைசி வளையம் வரவில்லை. எட்டி இழுத்தபோது கால் விளிம்பைத் தாண்டிப் போய்விட்டது. உடம்பு திரும்பிய வாக்கிலேயே இடது கையை ஊன்றி விழுந்தேன். சத்தம் கேட்டதும் ஸ்டூல்தான் உடைந்தது என்று நினைத்தேன். ஸ்டூலுக்கு ஒன்றும் ஆகவில்லை.

எக்ஸ்ரேயில் ரேடியஸ் எலும்பின் (முன்கையில் கட்டை விரல் பக்கம் ஓடுவது) மணிக்கட்டு முனை மூன்று துண்டு. பிளவு மூட்டுக்குள்ளேயே போயிருந்தது. சிடி எடுத்தார்கள், அறுவை செய்தார்கள், உள்ளங்கைப் பக்கமாக ஒரு பிளேட், அதில் ஒன்பது ஸ்க்ரூ.

இப்போது கேள்வி. என் அக்காவுக்கு 63 வயது. போன வருஷம் கூடத்தில் மிதியடி தடுக்கி, அவளும் இடது கையை ஊன்றித்தான் விழுந்தாள். அவளுக்கு ஒரு கீறல், அவ்வளவுதான். எலும்பு இம்மியும் விலகவில்லை. ஐந்து வாரம் மாவுக்கட்டு, அப்புறம் பழையபடி வேலை. அப்போது யாரும் அவளுக்கு எலும்பு அடர்த்தி பார்க்கச் சொல்லவில்லை.

எனக்கு எலும்பு அடர்த்தி அளக்கும் டெக்ஸா ஸ்கேன் எழுதிக் கொடுத்தார்கள். துணைக்கு வந்த அக்காவையும் விடாமல் படுக்க வைத்தேன். அதில் வரும் எண் டி ஸ்கோர், கீழே போகப் போக எலும்பு பலவீனம் என்று அர்த்தமாம். எனக்கு இடுப்பில் -1.4, முதுகெலும்பில் -0.8. அக்காவுக்கு இடுப்பில் -2.7, முதுகில் -3.1. அதாவது பலமான எலும்பு எனக்கு, பலவீனமான எலும்பு அவளுக்கு. நொறுங்கியது என்னுடையது. "உன் கெட்டி எலும்பைவிட என் உளுத்த எலும்பே மேல்" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிக்கிறாள்.

ஸ்கேன் தவறா? அடர்த்திக்கும் முறிவு எவ்வளவு மோசமாகிறது என்பதற்கும் சம்பந்தமே இல்லையா? மருந்து எதற்கு, எனக்குச் சின்ன முறிவுதானே என்று அக்கா வாதாடுகிறாள். பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

பழைய மாவுக்கட்டு:

அம்மா, நான் எலும்பு மருத்துவனாக முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அதில் பாதி மணிக்கட்டிலேயே போயிற்று என்று நினைக்கிறேன். படங்களைப் பார்க்காமல் இன்ன மருந்து என்று சொல்ல மாட்டேன். ஆனால் உங்கள் கணக்கு எங்கே இடிக்கிறது என்று சொல்ல முடியும்.

நீங்கள் இரண்டு எலும்புகளை ஒப்பிடுகிறீர்கள். ஒப்பிட வேண்டியது இரண்டு விழுதல்களை. உங்கள் எடையும் அக்காவின் எடையும் எவ்வளவு?

ஜன்னலோரம்:

நான் 74 கிலோ. அவள் 52. இதைப் பொதுவில் எழுத வைத்துவிட்டீர்களே சார்.

பழைய மாவுக்கட்டு:

மன்னிக்கவும், கணக்குக்கு வேண்டியிருந்தது.

நிற்கும்போது நம் உடலின் எடைமையம் தரையிலிருந்து சுமார் 90 செ.மீ. உயரத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அக்கா தரையிலிருந்து விழுந்தவர்: 52 கிலோ, 90 செ.மீ. பள்ளிக்கூடப் பெருக்கல்தான், ஏறக்குறைய 460 ஜூல். நீங்கள் 45 செ.மீ. மேலே நின்றிருந்தீர்கள்: 74 கிலோ, 135 செ.மீ. அது 980 ஜூல். இரண்டு மடங்குக்கும் மேல். இதில் முழங்காலும் இடுப்பும் தோளும் வாங்கிக்கொண்டது போக மிச்சம்தான் மணிக்கட்டுக்கு வரும். ஆகவே கறாரான கணக்கு இல்லை, ஆனால் விகிதம் புரியும். அதற்கு மேல் நீங்கள் திரும்பிக்கொண்டே விழுந்திருக்கிறீர்கள். மணிக்கட்டு எத்தனை டிகிரி பின்னால் மடங்கியிருந்தது, முன்கை எந்தப் பக்கம் முறுகியிருந்தது என்பதெல்லாம் பிளவு எந்தத் திசையில் ஓடும் என்பதைத் தீர்மானிக்கும்.

முறிவின் தீவிரம் என்று ஒரே சொல்லில் சொல்கிறோம், அது ஒரே சரக்கு இல்லை. எத்தனை துண்டு என்பது ஒன்று. மூட்டுக்குள் போனதா என்பது இன்னொன்று. கை பின்பக்கம் எவ்வளவு சாய்ந்தது, ரேடியஸ் எத்தனை மில்லிமீட்டர் குறுகியது, பக்கத்து எலும்பான அல்னாவும் போயிற்றா என்பதெல்லாம் தனித்தனி. நாங்கள் ஏ, பி, சி என்று பிரிப்போம். ஏ மூட்டைத் தொடாதது, பி மூட்டின் ஒரு பகுதி மட்டும் பிளந்தது, சி மூட்டுப் பரப்பு முழுவதும் தண்டை விட்டுப் பிரிந்தது. அடர்த்தி குறைந்தவர்களுக்கு சி வகை அதிகமா என்று பலர் ஆராய்ந்திருக்கிறார்கள். சிலர் தொடர்பு இருக்கிறது என்றார்கள், சிலர் இல்லை என்றார்கள். எனக்கு அதில் ஆச்சரியம் இல்லை. விழுந்த வேகத்தை யாரும் அளந்து வைப்பதில்லையே. பாதிக் கணக்கு கையில் இல்லாமல் விடை எப்படி ஒத்துவரும்?

ஆனால் அடர்த்தி தன் முகத்தைக் காட்டுகிற இடம் ஒன்று உண்டு. என் அனுபவத்தில் அது முதல் நாள் எக்ஸ்ரே இல்லை, பத்தாவது நாள் எக்ஸ்ரே.

கையை ஊன்றி விழும்போது உள்ளங்கைப் பக்கம் இழுபட்டுப் பிளக்கும், புறங்கைப் பக்கம் நசுங்கும். எலும்பு முனையின் உள்ளே இருப்பது கடற்பஞ்சு போன்ற பகுதி. அடர்த்தி உள்ளவர்களுக்கு அந்தப் பஞ்சு அவ்வளவாக நசுங்காமல் தாங்கும். அடர்த்தி இல்லாதவர்களுக்கு நசுங்கினது நசுங்கினதுதான். நாங்கள் மரப்பு ஊசி போட்டு, இழுத்து, நேராக்கி, மாவுக்கட்டு போடுவோம். படத்தில் எல்லாம் அழகாகத் தெரியும். உள்ளே ஒரு பொந்து இருக்கும். ஒரு பாட்டியம்மாவை மறக்கவே மாட்டேன். அன்றைக்கு நான் சரிப்படுத்தியதில் அதுதான் சிறந்த வேலை, பயிற்சி மாணவர்களைக் கூப்பிட்டுப் படத்தைக் காட்டினேன். முதல் வாரப் படத்தில் கொஞ்சம் சாய்ந்திருந்தது. இரண்டாம் வாரத்தில் முழுக்கப் பழைய இடத்துக்கே போய் உட்கார்ந்துவிட்டது. வீக்கம் வற்றி மாவுக்கட்டும் தளர்ந்திருந்தது. அதற்கப்புறம் யாருக்கும் முதல் நாள் படத்தைப் பெருமையாகக் காட்டியதில்லை. பின்பக்கம் 20 டிகிரிக்கு மேல் சாய்வு, பின்பக்கச் சிதறல், மூட்டுக்குள் பிளவு, அல்னா முறிவு, 60 வயதுக்கு மேல்: இவற்றில் மூன்று சேர்ந்தால் மாவுக்கட்டுக்குள் நழுவும் என்று எதிர்பார்க்க வேண்டும் என 1989-இலேயே ஒரு விதி சொன்னார்கள். கவனியுங்கள், அந்தப் பட்டியலில் டி ஸ்கோர் கிடையாது. வயது என்ற பெயரில் ஒளிந்துகொண்டு இருக்கிறது, அவ்வளவுதான்.

அக்காவின் வாதத்துக்கு வருகிறேன். "சின்ன முறிவுதானே" என்கிறார். எனக்கு உங்கள் முறிவைவிட அவர் முறிவுதான் அதிகம் கவலை தருகிறது. மிதியடி தடுக்கி நின்ற உயரத்திலிருந்து விழுகிற விசையில், 52 கிலோ ஆளுக்கு, எலும்பு உடைந்திருக்கவே கூடாது. கீறல் சின்னது என்பது விசை சின்னது என்பதற்கு அடையாளம். அவ்வளவு சின்ன விசைக்கே எலும்பு கொடுத்துவிட்டது என்பதுதான் செய்தி. அக்கா சிரிக்கட்டும், ஆனால் மருத்துவரைப் பார்த்துவிட்டுச் சிரிக்கட்டும்.

நிழல் அளப்பவள்:

நான் டெக்ஸா ஸ்கேன் எடுக்கும் தொழில்நுட்பப் பணியில் இருக்கிறேன். ஸ்கேன் தவறா என்று கேட்டதால் வந்தேன்.

தவறு இல்லை மேடம். ஆனால் அது என்ன அளக்கிறது என்று தெரிந்தால் அதன்மேல் இவ்வளவு பாரம் ஏற்ற மாட்டீர்கள். அடர்த்தி என்கிறோமே தவிர, எங்கள் இயந்திரம் தருவது ஒரு சதுர சென்டிமீட்டருக்கு எத்தனை கிராம் தாது என்பது. கன சென்டிமீட்டர் இல்லை. எலும்பின் நிழலை அளக்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தடித்த எலும்பின் நிழல் கருமையாக விழும், ஆகவே பெரிய உடம்புக்காரர்களுக்கு எண் கொஞ்சம் நன்றாகவே வரும். உள்ளே இருக்கும் குறுக்குச் சட்டங்கள் அறுந்திருக்கின்றனவா, மேல் ஓட்டில் துளைகள் விழுந்திருக்கின்றனவா என்பது அதில் தெரியாது.

டி ஸ்கோர் என்பது இளம்பெண்களின் சராசரியிலிருந்து நீங்கள் எத்தனை படி கீழே இருக்கிறீர்கள் என்ற எண். -1 வரை இயல்பு, -2.5-உம் அதற்குக் கீழும் எலும்புப்புரை, இடையில் இருப்பது அடர்த்திக் குறைவு. இந்தக் கோடுகளை உலகச் சுகாதார நிறுவனம் 1994-இல் போட்டது. கோட்டுக்கு இந்தப் பக்கம் இருந்தால் உடையாது என்று அர்த்தமே இல்லை. மணிக்கட்டு உடைந்து எங்களிடம் வருகிறவர்களில் உங்களைப் போல நடுவில் இருப்பவர்கள் நிறையப் பேர்.

இன்னொன்று. உங்கள் முதுகு -0.8, இடுப்பு -1.4. இந்த வயதில் முதுகெலும்பு ஓரங்களில் எலும்பு முளைகள் வளர்ந்திருந்தால் அவையும் தாதுவாகவே எண்ணப்படும், எண் உயர்ந்து காட்டும். உங்களுக்கு அப்படித்தான் என்று சொல்லவில்லை, இரண்டில் குறைந்ததையே நம்புங்கள் என்கிறேன்.

முன்கையையும் அளக்கலாம். வழக்கமாகப் பழக்கமில்லாத கையில் எடுப்போம். உங்களுக்கு அதில் பிளேட் இருப்பதால் வலது கைதான். உடைந்து கூடிய கையில் எடுத்தால் எண் பொய்யாக ஏறும், அக்காவுக்கும் இது பொருந்தும். ஆனால் வேடிக்கை பாருங்கள், முன்கையில் நாங்கள் கணக்கில் எடுப்பது ரேடியஸின் மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் இருக்கும் இடம். அங்கே பெரும்பாலும் கெட்டி ஓடு. உங்களுக்கு உடைந்ததோ முனையில், பஞ்சுப் பகுதியில். உடையும் இடம் ஒன்று, அளக்கும் இடம் ஒன்று.

நேர்பேச்சு:

இந்த ஸ்கோர் எல்லாம் மாத்திரை விற்கத்தான். என் மாமியாருக்கும் எலும்புத் தேய்மானம் என்றார்கள். கால்சியம் ஆறு மாசம் சாப்பிட்டார், முழங்கால் வலி போயே போச்சு.

பழைய மாவுக்கட்டு:

ஐயா, முழங்கால் வலி மூட்டுத் தேய்மானம். அங்கே தேய்வது எலும்பின் முனையில் இருக்கும் குருத்து. இங்கே பேசுவது எலும்புப்புரை. நம் பேச்சில் இரண்டுக்கும் "எலும்புத் தேய்மானம்" என்றே சொல்லிச் சொல்லி, எத்தனையோ பேர் தவறான நோய்க்கு மருந்து சாப்பிட்டதைப் பார்த்துவிட்டேன். எலும்புப்புரைக்கு வலியே கிடையாது, உடையும்வரை. கால்சியமும் வைட்டமின் டி-யும் செங்கல், சிமெண்ட் மாதிரி, வேண்டும்தான். ஆனால் கட்டுகிற வேகத்தைவிட இடிக்கிற வேகம் அதிகமாக இருக்கும்போது செங்கலை மட்டும் குவித்துப் பயனில்லை. முறிவும் -3.1-உம் சேர்ந்து நிற்கும் இடத்தில் இடிப்பதை நிறுத்தும் மருந்தைப் பற்றிப் பேசியே ஆக வேண்டும்.

இரட்டைச்சக்கரம்:

ஒரு சந்தேகம் சார். எனக்கு 29 வயது. பைக்கில் போகும்போது சறுக்கி மணிக்கட்டு ஐந்து துண்டு. எலும்பு "கல்லு மாதிரி" இருக்கிறது, ஸ்க்ரூவே கஷ்டப்பட்டுத்தான் ஏறியது என்று அறுவை செய்த டாக்டர் சொன்னார். கல்லு மாதிரி இருந்தால் ஏன் இப்படிச் சிதற வேண்டும்?

பழைய மாவுக்கட்டு:

கல்லு மாதிரி இருந்ததால்தான் தம்பி. எலும்புக்கு ஒரு குணம் உண்டு: வேகமாக அடித்தால் இன்னும் விறைத்துக்கொள்ளும், உடைவதற்கு முன் அதிக ஆற்றலைத் தன்னுள் வாங்கி வைத்துக்கொள்ளும். தாங்க முடியாத கணத்தில் அத்தனையும் ஒரே நேரத்தில் வெளியே வரும். அதனால்தான் சிதறல். உங்களுக்கு ஸ்க்ரூ பிடிக்க நல்ல இடம் இருந்தது, அது அதிர்ஷ்டம். உளுத்த எலும்பில் பழைய வகை ஸ்க்ரூ பிடிமானமில்லாமல் ஆடும். இப்போது ஸ்க்ரூவின் தலையே பிளேட்டில் மரை கொண்டு பூட்டிக்கொள்கிற வகை வந்த பிறகுதான் வயதானவர்களுக்கும் துணிந்து பிளேட் போட முடிகிறது.

அதற்காக வயதானவர்கள் எல்லோருக்கும் பிளேட் வேண்டும் என்றும் நினைக்காதீர்கள். இந்த முறிவை 1814-இல் டப்ளினில் இருந்த ஆபிரகாம் காலஸ் எழுதி வைத்தபோது எக்ஸ்ரே வர இன்னும் 81 வருஷம் இருந்தது. கை கோணலாகவே நின்றுவிடும், ஆனால் நாளடைவில் வலியில்லாமல் வேலை செய்யும் என்று கைகளைத் தொட்டுப் பார்த்தே சொன்னார். நானும் அப்படிக் கோணல் மணிக்கட்டோடு வீட்டு வேலை முழுவதும் செய்கிற மூதாட்டிகளைப் பார்த்திருக்கிறேன். இளைஞர்களுக்கு அந்தச் சலுகை குறைவு, மூட்டுப் பரப்பில் 2 மில்லிமீட்டர் படி விழுந்தாலே பிற்காலத்தில் தேய ஆரம்பிக்கும்.

ஜன்னலோரம் அம்மா, அக்கா முன்பு இருந்ததைவிட உயரம் குறைந்திருக்கிறாரா என்று ஒரு தடவை அளந்து பாருங்கள். முதுகு வலி என்று சொல்லியிருக்கிறாரா?

ஜன்னலோரம்:

நான்கு வாரம் கழித்து எழுதுகிறேன், இரண்டு கையாலும்.

பழைய பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் அக்கா தன் உயரம் 156 செ.மீ. என்று எழுதியிருந்தாள். இப்போது சுவரோடு நிற்க வைத்து அளந்தால் 151. "அப்போது கூட்டிப் போட்டிருப்பேன்" என்றாள். சந்தேகத்தோடு முதுகுக்கு எக்ஸ்ரே எடுத்தோம். ஒரு முள்ளெலும்பு முன்பக்கம் ஆப்பு மாதிரி அமுங்கி இருக்கிறது. பழையது, எப்போது ஆனது என்று அவளுக்கே தெரியவில்லை. இரண்டு வருஷத்துக்கு முன்பு ஒரு மாதம் முதுகு பிடித்துக்கொண்டது என்று தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாளே, அதுவாக இருக்கலாம் என்கிறார் டாக்டர்.

ரத்தத்தில் கால்சியம், சிறுநீரகம், தைராய்டு எல்லாம் சரி. வைட்டமின் டி மட்டும் ரொம்பக் குறைவு. அதை முதலில் ஏற்றிவிட்டு, இப்போது நீங்கள் சொன்ன இடிப்பதை நிறுத்தும் மருந்து, வாரம் ஒரு முறை அலெண்ட்ரோனேட் 70 மி.கி. வெறும் வயிற்றில், ஒரு டம்ளர் நிறையப் பச்சைத் தண்ணீரோடு. அதன்பின் அரை மணி நேரம் படுக்கக் கூடாது. மாத்திரையைவிட அந்த அரை மணிதான் அவளுக்குப் பெரிய தண்டனை, காலையில் எழுந்தவுடன் மறுபடி சாய்ந்துகொள்கிற ஆள். வேறு வழியில்லாமல் மொட்டை மாடியில் நடக்கிறாள். உளுத்த எலும்பு வசனம் நின்றுவிட்டது. கூடத்து மிதியடியையும் காணோம்.

எனக்கு இப்போதைக்கு மருந்து இல்லை. வலது முன்கையும் அளந்தார்கள், -1.7. என் வயதையும் முறிவையும் இடுப்பு எண்ணையும் போட்டு, அடுத்த பத்து வருஷத்தில் எலும்பு முறியும் வாய்ப்பு எவ்வளவு என்று சொல்லும் ஃபிராக்ஸ் கணக்குப் பார்த்தார்கள். வைட்டமின் டி, நடை, எடைக் குறைப்பு, இரண்டு வருஷத்தில் மறுபடி ஸ்கேன். எடை இங்கேயும் துரத்துகிறது.

கடைசியாக ஒன்று. விரல்கள் நன்றாக மடங்குகின்றன. ஆனால் உள்ளங்கையை மேல்நோக்கித் திருப்பினால் பாதியில் நின்றுவிடுகிறது. சில்லறை வாங்கக்கூட முடியவில்லை. பிளேட் இடிக்கிறதா?

பழைய மாவுக்கட்டு:

அக்கா விஷயம் நல்ல நேரத்தில் வெளிப்பட்டது, சந்தோஷம். ஒரு முள்ளெலும்பு அமுங்கினவருக்கு இன்னொன்று அமுங்கும் வாய்ப்பு அதிகம். குனிந்து பாரம் தூக்க விடாதீர்கள்.

உங்கள் கை திரும்பாதது ஏழாவது வாரத்தில் சகஜம். பெரும்பாலும் பிளேட் காரணம் இல்லை, மூட்டைச் சுற்றிய சவ்வு இறுகியிருக்கும். முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்துக்கொண்டு மற்றக் கையால் மெதுவாகத் திருப்பிப் பிடித்து நிறுத்துங்கள். தோளைச் சாய்த்து ஏமாற்றக் கூடாது, எல்லோரும் அதைத்தான் செய்வார்கள். எலும்பு கூடிவிட்டது என்று உங்கள் டாக்டர் சொன்ன பிறகு ஒரு சின்னச் சுத்தியலின் கைப்பிடி நுனியைப் பிடித்து, தலையின் பாரத்தில் மெல்லச் சாய விடலாம். மாதக் கணக்கில் ஆகும், ஆனால் வரும்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். கையை மேசை மேல் குப்புற வைத்துக் கட்டை விரலை மட்டும் மேலே தூக்க முடிகிறதா என்று அவ்வப்போது பாருங்கள். திடீரென்று தூக்க முடியாமல் போனால் தசைநாண் அறுந்திருக்கலாம், அன்றைக்கே போய்க் காட்டுங்கள்.

ஜன்னலோரம்:

தூக்க முடிகிறது சார். அக்காவிடம் செய்து காட்டினேன். உடனே தானும் மேசையில் கையை வைத்து, என்னைவிட உயரமாகத் தூக்கிக் காட்டிவிட்டுப் போனாள்.